ஸுஹைறாவின் வலது தோள்

நிந்தவூரில் கடற்கரைப் பக்கத்து வளவுகளில் ஒரு பெண் மவுத்தானால், பள்ளி ஒலிபெருக்கியில் அறிவிப்புக் கேட்பதற்கு முன்னமே இரண்டு வீடுகளுக்கு ஆள் போய்விடும். ஒன்று முனவ்வறாவின் வீடு, மற்றது ஸுஹைறாவின் வீடு. பெண் ஜனாஸாக்களை, அதாவது இறந்த பெண்களின் உடல்களை, அடக்கத்துக்கு முன் குளிப்பாட்டுகிறவர்கள் அவர்கள்தான். மற்றப் பெண்களுக்கு அந்த முறை தெரியாமலில்லை. ஓதிப் படித்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் நாலு பக்கமும் சேலை கட்டி மறைத்த இடத்துக்குள் வா என்று கூப்பிட்டுப் பாருங்கள். ஒருத்திக்குத் தலை சுற்றும், இன்னொருத்திக்கு அன்றைக்கென்று பார்த்துக் காய்ச்சல் வரும். கடைசியில் உள்ளே போகிறவர்கள் இந்த இரண்டு பேரும்தான்.

முனவ்வறா மூத்தவள், அறுபதைத் தாண்டியவள். தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. இலந்தை இலை போட்ட தண்ணீரை எப்போது ஊற்றுவது, கற்பூரம் கலந்ததை எப்போது ஊற்றுவது என்பதெல்லாம் அவள் கணக்கு. மையித்தைப் பிடிப்பதும் திருப்புவதும் தேய்ப்பதும் ஸுஹைறா. முதலில் முதுகைத் தாங்கிச் சற்று நிமிர்த்தி வயிற்றைத் தடவ வேண்டும். பிறகு ஒரு பக்கம் சரித்து மறுபக்கத்தைக் கழுவ வேண்டும். உயிரோடு இருக்கிற நோயாளியைத் தூக்கினால் அவரும் நம்மோடு சேர்ந்து கொஞ்சம் எழும்புவார். மையித்து அப்படி எழும்பாது. அந்தப் பாரம் முழுவதும் ஸுஹைறாவின் வலது தோளில்தான் வந்து இறங்கும்.

வேலை முடிந்து வெளியே வந்தால் ஊர்ப் பெண்கள் சூழ்ந்துகொள்வார்கள். முகம் எப்படி இருந்தது, வெளிச்சமாக இருந்ததா என்று வாயைக் கிண்டுவார்கள். "நல்லாத்தான் இருந்தா" என்பதுதான் இருவருடைய பதிலும். ஐந்து நேரமும் தொழுது யாருக்கும் நோகாமல் வாழ்ந்தவளுக்கும் அதே பதில், அக்கம்பக்கத்தை ஒரு நாளும் நிம்மதியாக இருக்க விடாதவளுக்கும் அதே பதில். மறைப்புக்குள் கண்டது மறைப்புக்குள்ளேயே கிடக்கும். அந்த விஷயத்தில் இரண்டு பேரும் கல்லு.

தோளில் நோவு முதலில் சின்னதாகத்தான் வந்தது. மேல் தட்டில் இருக்கிற பீங்கானை எடுக்கக் கை நீட்டினால் சுள்ளென்றது. பிறகு தலை வாரினால் வந்தது, அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாமல் ஆக்கியது. புருஷன் றவூப் வயற்காரன். "நான் நெல்லு மூட்டை தூக்கிற ஆள், எனக்கு வராத நோவு உனக்கு எங்கால வருது?" என்று பகிடி பண்ணினான். பகிடி பண்ணின வாயோடு கடைக்குப் போய் எண்ணெய்ப் போத்தல் ஒன்றும் வாங்கிவந்தான். அவள் அதைப் பூசிக்கொண்டு நடமாடினாள். வீடு முழுக்க எண்ணெய் மணந்ததே தவிர நோவு அசையவில்லை.

ஒரு நாள் தடித்த உடம்புக்காரி ஒருத்தியைக் குளிப்பாட்டும்போது அது நடந்தது. முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து நிமிர்த்தினாள். பாதி எழும்பியபோது தோளுக்குள் கத்தி இறங்கியது போல் இருந்தது, கை சோர்ந்துவிட்டது. முனவ்வறா கையிலிருந்த வாளியைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து தன் நெஞ்சால் மையித்தைத் தாங்கினாள். வாளி விழுந்த சத்தத்துக்கு வெளியே இருந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள். "ஒண்டுமில்ல, வாளி தவறிட்டு" என்று முனவ்வறா உள்ளிருந்தே சொல்லிவிட்டாள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு நடக்கும் வழியில்தான் ஸுஹைறாவிடம் அதைப் பற்றி வாயைத் திறந்தாள்.

"இந்தக் கைய வெச்சிக்கொண்டு இனி மறைப்புக்குள்ள வராத புள்ள. மையித்தப் போட்டுட்டமெண்டா அல்லாஹ்வுக்கு என்ன பதில் சொல்ற? முதல்ல போய்க் காட்டு."

ஸுஹைறா காட்டினாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, தோளின் தசைநாரில் அழற்சி, ஓரத்தில் சின்னக் கிழிசல் என்றார்கள். கல்முனைச் சந்தைக்குக் கிட்ட லேசர் சிகிச்சை செய்யும் இடம் ஒன்று இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார் டொக்டர். சிகிச்சை தருகிறவர் ஆணா பெண்ணா என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. பெண் என்று அறிந்த பிறகுதான் பஸ் ஏறினாள்.

அவள் போய்வரத் தொடங்கிய அதே காலத்தில்தான் முனவ்வறாவுக்குக் கால் வீங்கியது. உப்பைக் குறைத்தாள், குறையவில்லை. சோதித்துப் பார்த்தபோது இரண்டு சிறுநீரகமும் ஏறத்தாழ வேலையை நிறுத்தியிருந்தன. கழுத்தில் குழாய் வைத்து, கிழமைக்கு இரண்டு தரம் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் போட்டார்கள். தண்ணீருக்கும் கட்டுப்பாடு. எத்தனையோ பேருக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றியவளுக்குக் குடிப்பதற்கு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல் அளவுதான். அதை அவளுடைய மகள் றிப்னா கண்ணும் கருத்துமாக அளந்து கொடுப்பாள்.

ஸுஹைறா பார்க்கப் போன முதல் நாளே முனவ்வறா அவளைப் பக்கத்தில் இருத்திக் கேட்டாள்.

"நான் மவுத்தானா என்ன நீதான் குளிப்பாட்ட வேணும். விளங்குதா?"

"என்ன ராத்தா கதைக்கிறீங்க? இப்ப என்ன அவசரம்?"

"அவசரமில்ல. சொல்லி வெக்கிறன். மத்தவங்க மையித்தத் திருப்பக்குள்ள சாக்கு மூட்டையத் திருப்புற மாதிரித் திருப்புவாங்க. பக்கத்தில நிண்டு பாத்திருக்கன். என்ன அப்பிடித் திருப்ப விடாத."

ஸுஹைறா தலையை ஆட்டினாள். முனவ்வறா அதோடு விடவில்லை. "கை எப்பிடி புள்ள?" என்று கேட்டாள். அன்று தொடங்கி ஒவ்வொரு முறையும் அதே கேள்விதான். நோயாளியைப் பார்க்கப் போகிறவள் சுகம் விசாரிக்க முன்னம், நோயாளி இவளுடைய தோளை விசாரித்துவிடுவாள்.

லேசர் கொடுக்கும் பெண் நிலாந்தினி, பாண்டிருப்பைச் சேர்ந்தவள், முப்பது வயதிருக்கும். திரையை இழுத்து மறைத்துவிட்டு, தோளை மட்டும் திறந்து பார்த்தவள் மூக்கைச் சுருக்கினாள்.

"எண்ணெய் பூசினனீங்களாம்மா?"

"கொஞ்சந்தான் மிஸ்."

"இதென்ன கொஞ்சம்? மீன் பொரிக்கலாம் போல கிடக்கு. தோல் சுத்தமா இருக்க வேணும். இனி வரக்குள்ள பூசாம வாங்க."

துடைத்துவிட்டு இருவரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார்கள், அந்த ஒளி கண்ணில் படக் கூடாதாம். நிலாந்தினி கைப்பிடி போன்ற ஒன்றைத் தோளின் ஓரமாக வைத்து அழுத்தினாள். நுனியில் சின்னச் சிவப்பு வெளிச்சம். ஸுஹைறா பல்லைக் கடித்துக்கொண்டு சூட்டுக்காகக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. இடத்தை மாற்றி மாற்றி வைத்தாள், அப்போதும் ஒன்றுமில்லை. ஸுஹைறாவுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. நோவுக்கு மருந்தென்றால் அதுவும் கொஞ்சம் நோக வேண்டும், அல்லது கசக்க வேண்டும், அல்லது மணக்கவாவது வேண்டும். இது என்ன, கண்ணாடி போட்டுக்கொண்டு சும்மா இருக்கிற வைத்தியம்?

"ஒண்டும் விளங்கல்லயே மிஸ்."

"அப்பிடித்தானம்மா. சில பேருக்கு இளஞ்சூடு தெரியும், சில பேருக்கு அதுவும் தெரியாது. இது நோவைத் தணிக்கும். ஆனா மெஷின் உங்களுக்காகக் கையத் தூக்காது. நான் சொல்லித் தாற பயிற்சிய நீங்கதான் செய்ய வேணும், அதாலதான் தசைநார் பலக்கும்." பிறகு கேட்டாள்: "இந்தக் கையால உங்களுக்கு முக்கியமா என்ன வேலை செய்ய வேணும்?"

ஸுஹைறா கொஞ்சம் யோசித்தாள். மையித்துக் குளிப்பாட்டுகிறவள் என்று சொன்னால் சிலர் தண்ணீர்க் கோப்பையைக்கூடத் தள்ளி வைத்துத்தான் தருவார்கள்.

"ஆளொண்டத் தூக்கித் திருப்ப வேணும்."

"வீட்டில நோயாளி இருக்காங்களா?"

"ஓம் மிஸ். நோயாளிதான்."

அது பொய்யுமில்லை. நிலாந்தினி ஒரு மெத்தையைச் சுருட்டிக் கட்டிலில் வைத்து, எப்படித் தூக்குகிறீர்கள் காட்டுங்கள் என்றாள். பார்த்துவிட்டு, கையை நீட்டித் தூக்கக் கூடாது, முழங்கையை உடம்போடு அணைத்துக்கொண்டு காலால் எழும்ப வேண்டும் என்று செய்து காட்டினாள். வீட்டில் சுவரோரம் நின்று விரல்களை மேலே மேலே ஏற்ற வேண்டும், நோவு வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஸுஹைறா அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கறி கொதிக்கும் நேரமெல்லாம் அவள் விரல்கள் சுவரில் ஏறின. மாதங்கள் போகப் போக விரல்கள் ஜன்னல் நிலையைத் தாண்டின. தலை வாரினாள், நோகவில்லை. மேல் தட்டில் இருந்து பீங்கானை எடுத்துவிட்டு, எடுத்தேன் என்பதே பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

சந்தோஷத்தோடு அதைச் சொல்லத்தான் அன்று முனவ்வறாவின் வீட்டுக்குப் போனாள். முனவ்வறா தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டு நின்ற றிப்னா, குரலைத் தாழ்த்தி ஒரு கதை சொன்னாள்.

"சாச்சி, உங்களுக்குத் தெரியாது. உம்மா மெஷினுக்குப் போகவே மாட்டன் எண்டு நிண்டவ. டொக்டரும் கதைச்சுப் பாத்தார், நாங்களும் அழுது பாத்தம். மறுகா தானாச் சொன்னா, 'ஸுஹைறாட கை சுகமாகட்டும், அதுவரைக்கும் போறன்' எண்டு. உங்கட கைதான் சாச்சி இப்ப உம்மாவ வெச்சிருக்கு."

றிப்னா அதை நன்றியாகத்தான் சொன்னாள். கை சுகமென்று சொல்ல வந்த ஸுஹைறா அந்தக் கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். உள்ளே முனவ்வறா விழித்துக்கொண்டாள்.

"கை எப்பிடி புள்ள?"

"இன்னும் நோகுது ராத்தா," என்றாள் ஸுஹைறா. "கால்வாசிதான் தூக்க ஏலும்."

"என்னகா மெஷின் அது? லேசர் அடிக்கிறாளா, டோர்ச் அடிக்கிறாளா?" முனவ்வறா சிரித்தாள். சிரித்துவிட்டு, "அப்ப எனக்கும் இன்னும் போக ஏலா" என்று சொல்லிச் சோறு கொண்டுவரச் சொன்னாள். அன்று இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அஜல் என்கிற மரண நேரம் அல்லாஹ் எழுதி வைத்தது, ஒரு நொடி முந்தாது, ஒரு நொடி பிந்தாது. இதை ஸுஹைறா எத்தனையோ மையித்து வீடுகளில் அழுதுகொண்டிருந்தவர்களின் முதுகைத் தடவிச் சொல்லியிருக்கிறாள். இப்போது அவளே தன் தோளை வைத்து அந்த நேரத்தைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். மடத்தனம் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்துகொண்டே செய்தாள். முனவ்வறா இல்லாத ஊரை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

பொய்க்குக் காவல் வைப்பது லேசான வேலையில்லை. முனவ்வறாவிடம் சொன்னதை ஊருக்கும் சொல்ல வேண்டியிருந்தது, ஊர் வாய் அங்கே போய்ச் சேராமல் விடாது. அடுத்த தெருவில் ஒரு பெண் மவுத்தானபோது ஆள் வந்தது. கை சரியில்லை என்று அனுப்பிவிட்டாள். வேறு ஆட்கள் கிடைக்காமல் ஜனாஸா நெடுநேரம் கிடந்ததாம். பிறகு றம்ஸியா என்கிற பெண் நடுங்கி நடுங்கி ஒப்பேற்றினாளாம். ஸுஹைறா நல்ல கையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். அந்த நாளை அவள் பிறகு ஒருபோதும் மறக்கவில்லை.

நிலாந்தினியை ஏமாற்ற முடியவில்லை. கையை எல்லாப் பக்கமும் அசைத்துப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள், எதிர்த்துத் தள்ளச் சொன்னாள்.

"நல்லா வந்திருக்கம்மா. இனி நீங்க வரத் தேவையில்ல. பயிற்சிய மட்டும் விடாதீங்க."

"இன்னும் கொஞ்சம் நோகுது மிஸ்."

"எந்த இடம்?"

ஸுஹைறா ஓர் இடத்தைக் காட்டினாள். நிலாந்தினி அங்கே விரலால் அழுத்தினாள். ஸுஹைறா முகத்தைச் சுளிக்க மறந்துபோனாள். பிறகு வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள்: மறைப்பு, முனவ்வறா, மெஷின், கை. தூக்கித் திருப்ப வேண்டிய நோயாளி யாரென்று நிலாந்தினிக்கு அப்போதுதான் தெரிந்தது. கோப்பையைத் தள்ளிவைக்கிற ஆளில்லை அவள். ஸுஹைறாவின் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, நோவில்லாத இடத்தில நான் லேசர் வைக்க ஏலாது. சும்மா வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. ஆனா சுகமாகல்ல எண்டு மட்டும் என்னச் சொல்லச் சொல்லாதீங்க."

அதற்குப் பிறகும் ஸுஹைறா கல்முனைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முனவ்வறாவோ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போனாள். மெஷினில் போட்டால் பிரஷர் விழுந்தது, இருதயமும் பலவீனம் என்றார்கள். போய் வருகிற நாட்களில் கண்ணைத் திறக்கவே அவளுக்குத் தெம்பில்லை. ஆனாலும் கேள்வி மட்டும் தவறாது. பதிலும் தவறாது.

ஒரு பின்னேரம், அஸர் தொழுகை நேரம், ஸுஹைறா அந்த அறையிலேயே தொழுகைப் பாயை விரித்தாள். தொழுகையைத் தொடங்கித் தக்பீர் கட்டக் கைகளை உயர்த்தினாள். இடது கை தோளுக்கு நேரே போனது. வலது கையை வயிற்றளவிலேயே நிறுத்திக்கொண்டாள், கட்டிலில் கிடப்பவள் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதற்காக. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பியபோது முனவ்வறா உண்மையாகவே பார்த்துக்கொண்டுதான் கிடந்தாள்.

"ஸுஹைறா."

"என்ன ராத்தா?"

"என்னட்டப் பொய் சொன்னாய், சரி. நானும் நம்பின மாதிரி இருந்தன். அல்லாஹ்வுக்கு முன்னால நிண்டுகொண்டு ஏன் புள்ள பொய் சொல்றாய்?"

ஸுஹைறா பாயின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தாள்.

"போன கிழமை இந்த நுளம்பு வலை அவிழ்ந்து விழுந்திச்சு. நீ எழும்பி ரெண்டு கையாலயும் தூக்கிக் கட்டினாய். நான் கண்ண மூடிக்கொண்டன்."

"கண்டுபோட்டு ஏன் ராத்தா சொல்லல்ல?"

"ஆசையா இருந்திச்சு. ஒரு ஆள் என்னப் போக விட மாட்டன் எண்டு பிடிச்சிக்கொண்டு நிக்கிறது ஆசையாத்தான் இருந்திச்சு." மூச்சு வாங்கினாள். "ஆனா களைச்சுப் போச்சு புள்ள. ஒவ்வொரு தரமும் உசிரு போய்த் திரும்பி வாற மாதிரிக் கிடக்கு. கையத் தூக்கு. நான் பாக்க வேணும்."

"ராத்தா..."

"தூக்கு."

ஸுஹைறா பாயில் இருந்தபடியே வலது கையை உயர்த்தினாள். தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, கை நேராக மேலே போய் நின்றது. அதைவிடப் பாரமான எதையும் அவள் தன் வாழ்நாளில் தூக்கியதில்லை. முனவ்வறா அந்தக் கையை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள். "அல்ஹம்துலில்லாஹ். வடிவாத் தூக்குறாய்" என்றாள். கையை உயர்த்தாவிட்டாலும் தொழுகை நிறைவேறிவிடும் என்று இருவருக்கும் தெரியும். என்றாலும் பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை ஸுஹைறா வீட்டுக்குப் போகவில்லை. அந்த அறையிலேயே மறுபடி நின்று, இரண்டு கைகளையும் முழுதாக உயர்த்தித் தக்பீர் கட்டினாள். கட்டிலில் இருந்தவள் அதைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கினாள்.

அதற்குப் பிறகும் முனவ்வறா மெஷினுக்குப் போனாள். போகாமல் விட்டாள் என்று யாரும் சொல்லக் கூடாது. போய் வந்து, அடுத்த நாள் காலை, றிப்னா கொடுத்த தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டு மவுத்தானாள். கை சுகமானதால்தான் போனாள் என்று ஸுஹைறா யாரிடமாவது சொல்லியிருந்தால் ஊர் அவளை ஏசியிருக்கும், ஏசுவதும் நியாயம்தான். அவள் சொல்லவில்லை. மனதுக்குள் வைத்துக்கொண்டாள்.

பகல் லுஹர்த் தொழுகைக்கு முன்னம் மறைப்புக் கட்டினார்கள். தண்ணீர் ஊற்ற ஆளில்லை; ஊற்றுகிறவள்தான் பலகையில் கிடந்தாளே. நான் ஊற்றுகிறேன் என்று றிப்னா வந்து வாளியைப் பிடித்தாள். ஸுஹைறா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு குளிப்பாட்டுகிறேன் என்று மனதுக்குள் நிய்யத்து வைத்தாள். வலது கையை முதுகுக்குக் கீழே கொடுத்தாள். முழங்கையை உடம்போடு அணைத்தாள், காலை ஊன்றினாள், இத்தனை மாதமும் சேர்த்து வைத்த பலத்தையெல்லாம் தோளுக்குக் கொண்டுவந்து நிமிர்த்தினாள்.

முனவ்வறா சட்டென்று எழும்பி வந்து அவள் நெஞ்சில் சாய்ந்துவிட்டாள். அந்தப் பலத்துக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. நோய் அவளை அவ்வளவு தூரம் தின்று தீர்த்திருந்தது. நோவோடு இருந்த பழைய கையே போதுமாக இருந்திருக்கும். இடது கை ஒன்றுகூடப் போதுமாக இருந்திருக்கும். இதற்காகவா ராத்தா இத்தனை நாள் மெஷினில் கிடந்தீங்க என்று நினைத்ததும் ஸுஹைறாவுக்கு அடக்க முடியாமல் கண்ணீர் வழிந்தது. இரண்டு கையும் மையித்தைப் பிடித்திருந்ததால் துடைக்க முடியவில்லை.

றிப்னா வாளியோடு நின்று பார்த்தாள்.

"கை நோகுதா சாச்சி?"

"இல்ல மகள்," என்றாள் ஸுஹைறா. "உங்க உம்மாவில பாரமே இல்ல. நீ தண்ணிய ஊத்து."